ஊமை மருந்து

பட்டுப்புழுவுக்கு வாழ்க்கையில் இரண்டே வேலைதான். தின்பது, அப்புறம் கூடு கட்டுவது. நம்மைப்போல நடுவில் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றையும் முடிக்காமல் போகிற பழக்கம் அதற்கு இல்லை. மல்பெரி இலையை ஆசை தீரத் தின்னும். உடம்பு பழுத்து உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி ஆனதும் தின்பதை நிறுத்திவிட்டு, கூடு கட்டுவதற்கென்று விரித்த வலையில் ஏறும். தலையைத் தூக்கி எட்டுப் போட்டுப் போட்டு நூலை விடும். தன்னைச் சுற்றி ஒரு வெள்ளைச் சுவர் எழுப்பி உள்ளே மறைந்துபோகும்.

தாரணி வீட்டுப் புழுக்கள் முதல் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தன.

துளசிமணி மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் புழு மனைக்குள் நின்று அதைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பட்டுப்புழு வளர்க்கிறவள் அவள். நோய் வந்து கறுத்துச் செத்த புழுவைப் பார்த்திருக்கிறாள். பக்கத்துக் காட்டில் அடித்த மருந்து காற்றில் வந்து, பச்சைப் பச்சையாய்க் கக்கிச் செத்த புழுவைப் பார்த்து அழுதும் இருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வலை முழுக்கப் புழுக்கள் ஏறி இடம் பிடித்திருந்தன. கொழுத்த, பழுத்த, குறை சொல்ல முடியாத புழுக்கள். அத்தனையும் தலையைத் தூக்கி எட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. கட்டுகிற அசைவு எல்லாம் இருந்தது. நூல் மட்டும் வரவில்லை.

"எப்ப ஏறுச்சு சாமி?" என்று வாசல் பக்கம் திரும்பி மகளைக் கேட்டாள்.

"முந்தாநேத்தும்மா."

முந்தாநாள் ஏறிய புழு இந்நேரம் கூட்டுக்குள் இருக்க வேண்டும். துளசிமணி ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அது அவள் கையிலும் தலையை ஆட்டிக் காற்றைக் கட்டியது. அவள் அதை மெதுவாக வலையிலேயே விட்டுவிட்டாள்.

தாரணி வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்பது, பின்னாலேயே வந்த சம்பந்தியம்மா ருக்மணி வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"நானொண்ணும் தப்பாச் சொல்லலீங்க சம்மந்தி. இந்த மனைல எத்தனையோ வருசமாப் புழு வளக்கறோம். ஒரு பேட்ச் இப்படிப் போனதில்ல. இப்ப தொடர்ச்சியா மூணாவது போயிருச்சு. முட்டை அதே எடத்துல வாங்கறதுதான். மனையும் அதேதான். தோட்டம் மட்டும் புதுசு, அதுவும் உங்க வீட்டுக் குச்சி நட்டது. போய்ப் பாருங்க, எல எப்படித் தளதளன்னு நிக்குதுன்னு. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியுமா? அப்பறம் மிச்சம் என்ன புதுசா இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க."

மிச்சம் இருந்த புதுசு வாசலில் தலையைக் குனிந்து நின்றது.

"அதனால கண்ணு, நீ மனைக்குள்ள வர வேண்டாம்னு சொல்லியிருக்கறேன். அடுத்த பேட்ச்சுக்கு அவ உங்க வீட்லயே வந்து ரெண்டு மாசம் இருக்கட்டுமுங்க. அவ இல்லாம ஒண்ணு வெச்சுப் பாத்தர்றோம்."

ருக்மணி கொடுமைக்காரி இல்லை. கையில் பலகாரத் தட்டோடுதான் இதைச் சொன்னாள். அதுதான் துளசிமணிக்கு இன்னும் பயமாக இருந்தது. ரெண்டு மாசத்துக்குப் பிறந்த வீடு வந்த பெண்கள் அங்கேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற கதை அவளுக்கு ஊருக்கு ஒன்று தெரியும். மாப்பிள்ளை கௌதம் நல்ல பையன். நல்ல பையன்களுக்கு வருகிற வியாதி அவனுக்கும் உண்டு. அம்மா பேசும்போது செல்போனைப் பார்ப்பான்.

துளசிமணி பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தாள். என் பெண் கால் வைத்தால் புழு நூல் விடாதா? துளசிமணியின் வீட்டில் அதே பெண் சின்ன வயசிலிருந்து புழுவுக்கு இலை போட்டிருக்கிறாள். ஒரு கூடு குறைந்ததில்லை.

*

துளசிமணியின் புருஷன் நாட்ராயன் உடுமலைப் பக்கம் கரட்டுப்பாளையத்தில் பட்டு வளர்ப்போர் சங்கத் தலைவர். ஊமை மருந்தை அந்த வட்டாரத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். மருந்துக் கம்பெனி வந்து தலையில் கட்டியது என்று சொன்னால் அது பொய். இவர்கள்தான் போய்க் கேட்டார்கள்.

கேட்டதற்கு நியாயம் இருந்தது. பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத்துக்கு அடிக்கிற விஷம் காற்றில் வந்து புழுவைக் கொல்லும். சொந்தத் தோட்டத்திலோ இலைச்சுருட்டுப் புழு வந்து மல்பெரிக் கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். அதற்கு மருந்து அடிக்கவும் முடியாது. பட்டுப்புழுவுக்குத் தின்னக் கொடுக்கிற இலையில் விஷத்தை அடிப்பார்களா? அப்போதுதான் விஷமில்லாத மருந்து ஒன்று இருக்கிறதென்று நாட்ராயன் கேள்விப்பட்டு, கம்பெனிக்கு நடையாய் நடந்தார்.

பால் சொசைட்டி கட்டடத்தில் கூட்டம் நடந்தது. விளக்கிச் சொல்ல ஜெனிட்டா வந்தாள். நாகர்கோவில்காரி. ஆராய்ச்சிதான் அவள் வேலை. விற்பது அவள் வேலையில்லை. ஆனாலும் அவளைத்தான் அனுப்பினார்கள். பேச்சில் கள்ளமில்லாதவர்களை அனுப்பினால் சரக்கு சீக்கிரம் போகும் என்பது கம்பெனிகளுக்குத் தெரியும்.

"ஒவ்வொரு உயிருக்குள்ளயும் சேதி ஓடிட்டே இருக்கும்ணே," என்றாள் ஜெனிட்டா. "இப்ப தின்னு, இப்ப வளரு, இப்ப தோலை உரின்னு. இலைச்சுருட்டுப் புழுவுக்குள்ள ஓடுற சேதில ஒண்ணே ஒண்ணை மட்டும் நாங்க வாயைப் பொத்திடுவோம். தோலை உரிங்கிற சேதி அதுக்குப் போகாது. அவ்வளவுதான்."

"சேதி போகாட்டி என்னாகுமுங்க?" என்று நாட்ராயன் கேட்டார்.

"பழைய தோலுக்குள்ளயே இறுகிச் செத்துரும்."

"அப்ப ஊமை மருந்துன்னு சொல்லுங்க."

சபை சிரித்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கம்பெனி வைத்த பெயர் டப்பாவின் மேல் மட்டும் இருந்தது.

"வெறுமனே தெளிச்சா வெயில்ல உடனே கெட்டுப் போயிரும். அதனால கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன டப்பாக்குள்ள வெச்சு அனுப்புறோம். இறால் ஓட்டுல இருந்து எடுக்கிற பொருள்ல செஞ்சது அந்த டப்பா."

"இறால் ஓடுங்களா?" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எங்க தோட்டம் சுத்த சைவமுங்க."

மறுபடியும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் துளசிமணிதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"பட்டுப்புழுவும் புழுதானுங்களே? அதுக்கும் ஊமையாயிறாதுங்களா?"

"நல்ல கேள்விக்கா. அதே சேதி பட்டுப்புழுவுலயும் உண்டு. ஆனா எழுத்து வேற. எழுத்துக்கு எழுத்து பொருந்தினாத்தான் மருந்து போய் ஒட்டும். பட்டுப்புழுவுல எங்கயுமே பொருந்தாத இடமாத் தேடித் தேடி எடுத்தேன். மருந்தடிச்ச இலையைக் கொடுத்து நானே வளர்த்தும் பார்த்துட்டேன். நல்லாக் கட்டுது."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நாட்ராயன் முதல் ஆளாகத் தன் தோட்டத்தில் அடித்தார். இலைச்சுருட்டு போன இடம் தெரியவில்லை. இலை உள்ளங்கையை மறைக்கிற அளவுக்கு வந்தது. புழுக்கள் தின்றன, ஏறின, கட்டின. அவர் வீட்டுக் கூட்டுக்கு அங்காடியில் முதல் விலை. தோட்டத்தைப் பார்க்க நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை.

மல்பெரியை விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. குச்சியை வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்ளும். அந்த வட்டாரத்துப் பட்டுக்காரர்களுக்குள் குச்சியைப் பற்றி ஒரு கட்டுப்பாடு உண்டு. குச்சிக்குக் காசு வாங்கக் கூடாது. தேங்காய் வெற்றிலையோடு ஒருத்தன் குச்சி கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லக் கூடாது. பகையாளியே வந்தாலும் வெட்டிக் கட்டிக் கொடுக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீர்த்தட்டோடு குச்சிக்கட்டும் போகும், மஞ்சள் கயிறு சுற்றி. தாரணி கல்யாணத்துக்கு ஒரு வண்டி நிறையப் போயிற்று. நாட்ராயன் ஒவ்வொரு குச்சியையும் தானே பார்த்துப் பார்த்து வெட்டினார். பக்கத்து ஊர் லோகநாதனுக்கும் அப்படித்தான் வெட்டிக் கொடுத்தார். தென்னை எல்லாம் வாடல் நோயில் போய் லோகநாதன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, "மல்பெரி போடு மாப்ள, நானிருக்கறேன்" என்று தோளில் கை போட்டுச் சொன்னவர் அவர்.

*

லோகநாதனின் புழுக்களும் நூல் விடவில்லை.

இன்னும் பல வீடுகளில் விடவில்லை. ஆனால் யாருக்கும் இது ஒன்றோடொன்று சேர்ந்த சமாச்சாரம் என்று தோன்றவில்லை. அவரவர் கைக்கு எட்டியதைக் குறை சொன்னார்கள். ஒருவர் முட்டை கொடுத்த மையத்தோடு சண்டைக்குப் போனார். ஒருவர் வெயிலைத் திட்டினார். இன்னொருவர் பங்காளி ஏதோ செய்துவிட்டான் என்று கோயிலில் பூப்போட்டுக் குறி கேட்டார். ருக்மணி மருமகளைச் சொன்னாள். குச்சியை யாரும் சொல்லவில்லை. அதே முட்டைப் புழு நாட்ராயன் தோட்டத்து இலையைத் தின்று கல்லு மாதிரிக் கூடு கட்டுகிறதே! அந்தத் தோட்டத்துக் குச்சியைப் போய் எப்படிச் சொல்வது?

லோகநாதன் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் தன் புழு மனைக்குள்ளேயே தூக்குப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி போய்ப் பார்த்தபோது சுற்றிலும் வலைகளில் புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தனவாம்.

நாட்ராயன் பாடைக்குத் தோள் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்தவர் அப்புறம் சரியாக எழுந்திருக்கவே இல்லை. தோட்டத்துக்குப் போவார், வருவார். சாப்பாட்டை அளைவார். ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்.

"நாந்தான் புள்ள அவன இதுல இழுத்து விட்டேன். தென்ன போனா வேற எதாச்சும் பண்ணிப் பொழச்சிருப்பான்."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? நல்லதுதான நெனச்சீங்க."

"குச்சியாச்சும் நல்ல குச்சியாக் குடுத்தேன். எந்தோட்டத்துலயே அதவிட நல்ல குச்சி இல்ல. அது ஒண்ணுதான் மனசுக்கு ஆறுதல்."

துளசிமணிக்கு அப்போதுதான் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ இடித்தது. லோகநாதன் வீட்டில் நம் குச்சி. தாரணி வீட்டிலும் நம் குச்சி. அவள் புருஷனிடம் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டாள்.

ஜெனிட்டா கம்பெனி வண்டியில் வரவில்லை. தன் ஸ்கூட்டரில் வந்தாள். நாட்ராயன் தோட்டத்தில் இலை பறித்தாள், லோகநாதன் தோட்டத்தில் பறித்தாள், இன்னும் எங்கெங்கோ போய்ப் பறித்துக்கொண்டு போனாள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது நாட்ராயன் சந்தைக்குப் போயிருந்தார். பெண்கள் இரண்டு பேரும் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள் ஜெனிட்டா.

"மருந்து செடிக்குள்ள போகும்னு தெரியும்க்கா. கொஞ்ச நாள்ல கரைஞ்சிரும்னு நினைச்சோம். கரையல. செடி அதைப் பார்த்துத் தானே எழுத ஆரம்பிச்சிருக்கு. பார்த்து எழுதி, எழுதி, உடம்பு பூரா வெச்சிருக்கு."

"எங்க தோட்டத்துலயுமா?"

"உங்க தோட்டத்துல இருக்கறது நான் எழுதினதேதான். ஒரு எழுத்து மாறல. அதான் உங்க புழு கட்டுது. குச்சியை வெட்டி வேற மண்ணுல நட்டா, அது புதுசா வேர் விட்டுத் துளிர்க்கறப்ப எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுதுது. அப்ப தப்பு வருது. சின்னச் சின்னத் தப்புதான். அந்தத் தப்பு எப்படியோ பட்டுப்புழுவோட ஒரு சேதிக்குப் பொருந்திருச்சு. நூலை விடுங்கிற சேதி."

எதிரே துளசிமணியின் தோட்டம் காற்றில் இலை இலையாகத் திரும்பிப் படுத்து எழுந்தது. அதில் ஓர் ஓட்டை இலையைக்கூடப் பார்க்க முடியாது.

"நீங்க சோதிச்சுப் பாத்தீங்களே கண்ணு."

"பார்த்தேன். தொட்டியில வெச்ச செடில பார்த்தேன். கவாத்து பண்ணி நறுக்கின குச்சியைக் குப்பைக்குழில போட்டோம். அதை யாராவது எடுத்து நடுவாங்கன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தோணலக்கா. கம்பெனிக்கு இப்ப தெரியும். நான் சொல்லிட்டேன். அவங்க ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. மருந்தடிச்ச செடில இருந்து குச்சி எடுத்துக் கொடுக்கச் சொல்லி யார் சொன்னா? கொடுத்தது யாரு?"

கொடுத்தது யார் என்பது ஊருக்கே தெரியும்.

"ஊமை மருந்தை ஊமையாக்க இன்னொரு மருந்து தயார் பண்ணச் சொல்றாங்க. அதுவும் செடிக்குள்ள போய் என்ன எழுதும்னு நான் கேட்டேன். பதில் இல்ல. நான் வேலையை விட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

"அந்தக் குச்சி போன இடத்துல எல்லாம் வேரோட பிடுங்கி எரிக்கணும். உங்களுதும் சேர்த்து. எங்கெங்க போச்சுன்னு சொல்ல முடியுமா?"

எப்படிச் சொல்வது? காசு வாங்காமல் கொடுத்ததற்குக் கணக்கு ஏது? வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள் பங்குக்கு எத்தனை பேருக்கு வெட்டிக் கொடுத்தார்களோ.

"குச்சில இருந்து குச்சி வெட்டினா?" என்று துளசிமணி கேட்டாள்.

"மறுபடி முதல்ல இருந்து எழுதும். மறுபடி தப்பு வரும். அது எதோட சேதிக்குப் போய்ப் பொருந்தும்னு எனக்குத் தெரியாதுக்கா. தேனீயாவும் இருக்கலாம். மிச்சத் தழையை ஆடு மாட்டுக்குத்தானே போடுறீங்க?" ஜெனிட்டா சொம்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்கூட்டரில் ஏறும்போது, "நான் பேசத்தான் போறேன்க்கா. ஆனா என் பேச்சை மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. உங்க வீட்ல இருந்து ஒருத்தர் சொன்னா நம்புவாங்க. யோசிங்க" என்றாள்.

*

துளசிமணி யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம்தான் மிஞ்சியது. புருஷனிடம் சொன்னால் அந்த மனுஷனுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். லோகநாதனை இழுத்துவிட்டேன் என்பதற்கே சோறு இறங்காதவர், நான்தான் கொன்றேன் என்று தெரிந்தால் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. மோட்டார் ரூமில் இருந்த கயிற்றை எல்லாம் எடுத்துக் கொண்டுபோய் வீட்டுப் பரணில் போட்டுப் பூட்டினாள்.

ஆனால் தாரணி? அடுத்த வாரம் பெண்ணைக் கொண்டுவந்து விடுவதாக ருக்மணி போன் பண்ணிவிட்டாள். மகள் ராசியில்லாதவள் என்ற பெயரோடு வாழாவெட்டியாக வந்து நிற்பதா? அவள் செய்த தப்பு என்ன, அப்பன் ஆசையாய்க் கொடுத்த சீரை வாங்கிக்கொண்டு போனதா? துளசிமணி பெற்றவள். புருஷனா மகளா என்று தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பது அவளுக்குக் கடைசியில் தெரிந்துபோயிற்று. ருக்மணியை உட்கார வைத்து, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, குற்றம் எங்கள் குச்சியில்தான் என்று சொல்லிவிடுவது. அப்புறம் புருஷனைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பது. இப்படி முடிவு பண்ணிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினாள்.

தாரணி வீட்டில் யாரும் இல்லை. ருக்மணியும் கௌதமும் கல்யாண வீடு ஒன்றுக்குப் போயிருந்தார்கள். தாரணி மட்டும் தோட்டத்தில் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மண் மூடிய குழி ஒன்று.

"புழுவ அதுலதாம்மா போட்டோம்," என்றாள் தாரணி. "மண்ணத் தள்ளறப்பவும் தலைய ஆட்டிட்டே இருந்துச்சுங்க."

துளசிமணி வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சேதி, எழுத்து, குச்சி, ஜெனிட்டா. மகள் கவாத்துக் கத்திரியைக் கீழே வைக்காமல் கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"அந்தக்கா இங்கயும் வந்தாங்கம்மா. எல பறிக்க. அப்பறம் போன் பண்ணி எங்கிட்டயும் சொல்லிட்டாங்க."

"எப்ப?"

"உங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்காம இருக்கற? உன்னைய ராசியில்லாதவன்னு சொல்றாங்க சாமி. வீட்ட விட்டு அனுப்பறாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க." தாரணி ஒரு கிளையை நறுக்கினாள். "ராசியில்லன்னு சொன்னா அழுகையா வருதும்மா. ராத்திரியெல்லாம் வருது. ஆனா அதுக்கு யாரும் செத்ததில்ல. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். லோகு மாமா சம்சாரம் நம்ம வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துனா அப்பா தாங்குவாரா?"

"நான் பாத்துக்கறேன் அவர."

"எத்தன நாளைக்கும்மா பாத்துக்குவ? நான் இங்க கெட்ட பேரோட இருக்கற வரைக்கும் யாரும் குச்சியப் பத்திப் பேச மாட்டாங்க. எம்மேல பழி இருந்தா அப்பா மேல வராது. நான் யோசிச்சுத்தான் சொல்றேன்."

துளசிமணிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. இத்தனை சின்ன வயசில் இத்தனை கணக்குப் போட இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதட்டலாம் என்று வாயெடுத்தபோதுதான் வேலி ஓரமாய் நறுக்கி அடுக்கியிருந்த குச்சிகளைக் கண்டாள். எரிப்பதற்குக் குவித்தது மாதிரி இல்லை. ஒரே அளவாக வெட்டி, கயிறு சுற்றிக் கட்டி வைத்திருந்தது.

"இதெதுக்கு?"

தாரணி பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு மினி வண்டி வந்து நின்றது. புதுசாய்க் கல்யாணமான ஜோடி. அந்தப் பையன் தயங்கியபடி பின்னால் நிற்க, பெண்தான் தட்டில் தேங்காய் வெற்றிலையோடு முன்னால் வந்தாள்.

"குச்சிக்குச் சொல்லியிருந்தமுங்க்கா."

"கட்டி வெச்சிருக்கறேன், எடுத்துக்குங்க," என்றாள் தாரணி.

துளசிமணி மகளின் கையைப் பிடித்துப் பக்கத்துச் செடிச் சாலுக்கு இழுத்தாள். "அடி பாவி. தெரிஞ்சே குடுக்கறியா?"

"இல்லைன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கம்மா. குச்சி இல்லைன்னு நம்மூர்ல யாராச்சும் சொல்லியிருக்கறாங்களா? எலயப் பாரு எப்படி நிக்குதுன்னு. என்ன காரணம் சொல்லட்டும்? காரணம் கேட்டுக் கேட்டுக் கடைசில அப்பாகிட்டத்தான் போய் நிப்பாங்க."

அதற்குள் அந்தப் பெண் துளசிமணியிடம் வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கதான் தாரணியக்கா அம்மாங்களா? மூலத்தோட்டம் உங்க வீட்டுதுன்னு சொன்னாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "மொத கட்ட நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா தேவலைங்க. அக்கா கையில வாங்க வேண்டாம்னு எங்கத்தை சொல்லி அனுப்புனாங்க. உங்க கை ராசியான கையாமா."

தாரணிக்கு அது கேட்டிருக்கும். கேட்காதவள்போல் கத்திரியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துளசிமணி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தாரணி வயசுதான் இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. சொல்லிவிடலாம். இதற்காகத்தானே காலையில் பஸ் ஏறினாள். வேண்டாம் கண்ணு, இதைக் கொண்டுபோகாதே என்றால் போதும். இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். இவள் வீட்டு மனைக்குள் புழு ஒழுங்காய்க் கூடு கட்டும், இவள் புருஷன் உயிரோடு இருப்பான். அப்புறம் இவள் போய் அத்தையிடம் சொல்வாள். அத்தை ஊரில் சொல்வாள். சாயங்காலத்துக்குள் கரட்டுப்பாளையத்தில் ஒரு போன் அடிக்கும், சோற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் எழுந்து போய் அதை எடுப்பார்.

அவள் குனிந்து கட்டைத் தூக்கினாள். பச்சைக் குச்சி, நல்ல கனம். அந்தப் பெண் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.

"நல்ல வார்த்த ஒண்ணு சொல்லிக் குடுங்கம்மா."

"நல்லாத் தழையட்டும் கண்ணு," என்றாள் துளசிமணி. தன் குரல் தடுமாறாமல் வந்தது அவளுக்கே கேவலமாக இருந்தது.

மற்றக் கட்டுகளைப் பையன் வண்டியில் ஏற்றினான். வண்டி மேற்கே திரும்பித் தார்ரோட்டில் மறைகிற வரைக்கும் துளசிமணி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த ஊராம் அவங்க?"

"கேக்கலம்மா," என்றாள் தாரணி. "யாரையும் கேக்கறதில்ல. கேட்டா மனசுல நின்னுக்குது."